13 வயது பிளாக்கிக்குக் காது கேட்கவில்லை, வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கிறாள், என்ன செய்யலாம்?

தண்டையார்பேட்டை மாடிவீடு:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் பிளாக்கிக்கு 13 வயது. நாட்டு நாய். எனக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பே என் வீட்டுக்காரர் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் பக்கம் மழையில் நனைந்துகொண்டிருந்த குட்டியைச் சட்டைக்குள் வைத்துத் தூக்கி வந்தாராம். அதனால் இந்த வீட்டில் அது எனக்கு சீனியர்.

கொஞ்ச நாளாகவே கூப்பிட்டால் வருவதில்லை. எங்கள் தெருவில் சாவு மேளம் என்றால் முதல் அடி விழும்போதே குலைக்க ஆரம்பிக்கும், ஊர்வலம் டி.எச். ரோட்டில் திரும்பிப் போகும் வரை நிறுத்தாது. போன மாதம் எதிர்வீட்டுத் தாத்தா தவறிவிட்டார். வாசலிலேயே மேளம், வெடி எல்லாம் நடக்கிறது, இது கட்டிலுக்கு அடியில் அசையாமல் தூங்குகிறது. நான் பயந்துபோய் வயிற்றில் கை வைத்து மூச்சு இருக்கிறதா என்று பார்த்தேன். அன்றைக்குத்தான் காதில் ஏதோ பிரச்சினை என்று புரிந்தது. ஆனால் ஒரு விஷயம் குழப்பமாக இருக்கிறது. மாமா கூப்பிட்டால் தலையைத் தூக்குகிறது, நானோ என் பெண்ணோ கூப்பிட்டால் சுத்தமாக இல்லை, சில நேரம் கூப்பிடுகிற பக்கத்துக்கு நேர் எதிர்ப்பக்கம் திரும்பித் தேடுகிறது. அத்தை இதைப் பார்த்துவிட்டு, வயசானதும் திமிர் வந்துவிட்டது, வேண்டுமென்றே பண்ணுகிறது என்கிறார்.

இப்போது பிரச்சினை பெரிதாகிவிட்டது. என் பெண்ணுக்கு 5 வயது. பிளாக்கி தூங்கும்போது பின்னாலிருந்து போய்க் கட்டிப்பிடித்திருக்கிறாள், அது திடுக்கிட்டு எழுந்து வாயை வைத்துவிட்டது. பல் படவில்லை, பிள்ளைதான் அழுதுவிட்டாள். யாரென்று தெரிந்ததும் அதுவே வாலை ஒடுக்கிக்கொண்டு போய் மூலையில் உட்கார்ந்துவிட்டது. அத்தை, இனிமேல் மொட்டை மாடியில் கட்டிப்போடு, இல்லை யாருக்காவது கொடுத்துவிடு என்கிறார். தெருவில் ஒருவர் ஊசி போட்டுக் கொன்றுவிடுங்கள் என்றே சொல்லிவிட்டார், எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

இன்னொன்று, இத்தனை வருடமும் காலையில் கேட்டைத் திறந்தால் அதுவே கீழே போய் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்துவிடும். எங்கள் தெரு குறுகல். தண்ணீர் லாரி ரிவர்ஸில் வரும், ஆட்டோ வரும், மெயின் ரோட்டில் கண்டெய்னர் லாரி நெரிசல் என்றால் பைக் எல்லாம் எங்கள் தெருவுக்குள்தான் புகுந்து போகும். இனி தனியாக விட முடியாது இல்லையா?

காதுக்கு வைத்தியம் இருக்கிறதா? அத்தை பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயை இளஞ்சூட்டில் விடலாம் என்கிறார், விடலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பெரம்பூர் லோகோ:

சிஸ்டர், அந்த எண்ணெயை மட்டும் விடாதீர்கள். மற்றதையெல்லாம் அப்புறம் பேசலாம். நாயின் காதுக்குழாய் மேலிருந்து கீழே இறங்கி, அப்புறம் உள்பக்கமாக மடங்கி, எல் எழுத்து மாதிரி போகும். ஊற்றினால் அந்த வளைவில் போய்த் தேங்கிவிடும், தானாக வெளியே வராது. நம் ஊர்ப் புழுக்கத்துக்கு உள்ளே ஈரப்பிசுக்கு இருந்தால் பூஞ்சை பிடிக்கச் சொல்லவே வேண்டாம். செவிப்பறையில் ஓட்டை ஏதாவது இருந்தால் நேராக நடுக்காதுக்குப் போய்விடும், அது வேறு வம்பு. பட்ஸ் விட்டுக் குடைவதும் கூடாது, அழுக்கை இன்னும் உள்ளே தள்ளும்.

வயசானதால்தான் என்று நாமாக முடிவு கட்டிவிடவும் வேண்டாம். முதலில் டாக்டரிடம் காட்டி, காதுக்குள் லைட் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நாட்டு நாய், தெருவில் சுற்றி வருகிறது என்றால் காதில் உண்ணி இருக்க நிறைய வாய்ப்பு. அழுக்கு கட்டிப் போய் அடைத்திருக்கலாம், சீழ் இருக்கலாம். தலையை அடிக்கடி உதறுகிறதா, காதை முகர்ந்தால் கெட்ட வாடை வருகிறதா, காதைத் தொட்டால் முனகுகிறதா என்று பாருங்கள். இதெல்லாம் இருந்தால் சத்தம் உள்ளே போகிற வழிதான் அடைத்திருக்கிறது என்று அர்த்தம், சரி செய்தால் ஓரளவு கேட்கும். இன்னொன்று, அந்தக் காது வலித்துக்கொண்டிருந்தாலும் நாய் கடுகடுவென்று இருக்கும், பிள்ளை மேல் வாயை வைத்ததற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு நீங்களாகவே சொட்டு மருந்து வாங்கி விடாதீர்கள். ஜென்டாமைசின், நியோமைசின் மாதிரி மருந்துகள் செவிப்பறை கிழிந்த காதில் போனால் உள்காதையே கெடுக்கும். செவிப்பறை நன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு டாக்டர் எழுதிக் கொடுக்கட்டும்.

நம் பக்கத்து ஆட்களுக்கு வேப்பேரி கால்நடைக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. 1903ல் தொடங்கிய கல்லூரி அது. கூட்டம் இருக்கும், காலையிலேயே போய்ச் சீட்டு வாங்கிவிடுங்கள். போகும்போது பழைய ஊசி கார்டு, இதுவரை கொடுத்த மருந்துகளின் சீட்டு எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள்.

காது சுத்தமாக இருக்கிறது, அப்படியும் கேட்கவில்லை என்றால் அது வயதினால் வருவது. உள்காதில் சத்தத்தை வாங்கி நரம்புக்குக் கொடுக்கிற மெல்லிய முடி செல்கள் தேய்ந்துபோகும். போனது திரும்ப முளைக்காது, அதற்கு மருந்தும் இல்லை. பல நாய்களுக்கு 8, 10 வயதிலேயே மெல்ல ஆரம்பித்துவிடும், நமக்குத்தான் தெரியாது. நாய்க்குச் சுமார் 45,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும், மனிதனுக்கு 20,000தான். அந்த மேல்பக்கத்துக் கீச்சுச் சத்தங்கள்தான் பெரும்பாலும் முதலில் அதிகமாகப் போகும். உங்கள் குரலும் பிள்ளை குரலும் கேட்காமல் மாமாவின் கட்டைக் குரல் கேட்பது அதனால்தான் இருக்கும். வேறு பக்கம் திரும்பித் தேடுவதற்கும் காரணம் இருக்கிறது. இரண்டு காதும் ஒரே அளவில் கேட்டால்தான் சத்தம் எந்தப் பக்கம் என்று தெரியும், ஒன்று அதிகமாகப் போய்விட்டால் திசை குழம்பும். அத்தையிடம் இதைச் சொல்லுங்கள், அது வேண்டுமென்று செய்யவில்லை.

வீட்டில் சோதித்துப் பார்க்கிறேன் என்று தட்டைக் கீழே போடாதீர்கள், தரை அதிர்வில் திரும்பிவிடும், கேட்கிறது என்று நினைத்துக்கொள்வீர்கள். அது விழித்திருக்கும்போது, முதுகைக் காட்டிக்கொண்டு இருக்கும்போது, அடுத்த அறையில் நின்று பிஸ்கட் பாக்கெட்டைக் கசக்கிப் பாருங்கள். தலையில் மெல்லிய மின்முனைகள் வைத்து, காதில் சத்தம் கொடுத்து, மூளை பதில் தருகிறதா என்று பார்க்கிற பரிசோதனையும் உண்டு. அது டால்மேஷன், வெள்ளை ராஜபாளையம் மாதிரி பிறவியிலேயே காது கேளாமை வருகிற இனங்களில் குட்டி எடுப்பவர்களுக்குத்தான் அவசியம். பிளாக்கிக்கு அந்தப் பரிசோதனை செய்தாலும் நீங்கள் செய்யப்போவது எதுவும் மாறாது, காசை மிச்சம் பிடித்து ரத்தப் பரிசோதனை செய்யுங்கள், 13 வயதுக்குக் கிட்னி, லிவர் பார்ப்பது நல்லது.

தண்டையார்பேட்டை மாடிவீடு:

ரொம்ப நன்றி அண்ணா. வேப்பேரிக்குக் கூட்டிப்போய் வந்துவிட்டோம். இடது காதில் நீங்கள் சொன்ன மாதிரியே உண்ணி, கறுப்பாகக் கட்டிப்போன அழுக்கு, உள்ளே சிவந்து புண்ணாக இருந்தது. சுத்தம் செய்து சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார்கள். வலது காது சுத்தமாக இருக்கிறது, அதில் கேட்காதது வயதினால்தான் என்றார் டாக்டர். இடது பக்கம் இப்போது கைதட்டினால் திரும்புகிறது, ஆனால் முழுசாக வராது, போகப் போகக் குறையும் என்று சொல்லிவிட்டார். ரத்தப் பரிசோதனையில் கிட்னி மட்டும் கொஞ்சம் கவனிக்க வேண்டுமாம்.

அப்போ இனி இப்படியேதான் வைத்துப் பார்க்க வேண்டும். பிள்ளை விஷயம்தான் பயமாக இருக்கிறது. கட்டிப்போடுவதா வேண்டாமா?

காசிமேடு வலைக்காரன்:

கட்டிப்போடாதம்மா. மொட்டை மாடியில் தனியாக நிச்சயம் வேண்டாம். காது போன நாய்க்கு மிச்சம் இருப்பது கண்ணும் மூக்கும் உங்கள் கூட்டமும்தான். எங்கள் வீட்டுக் கிழவன் கடைசி சில வருடம் சுத்தமாகக் கேட்காமல்தான் வாழ்ந்தான், நன்றாகவே வாழ்ந்தான், நான் எந்த அறைக்குப் போனாலும் பின்னாலேயே வருவான், வாசற்படியில் குறுக்கே படுத்துக்கொள்வான். நான் அவனைத் தாண்டிப் போனால் தெரியும் இல்லையா, அதற்காகத்தான். கேட்காத நாயை ஆள் இல்லாத இடத்தில் கட்டினால் பயம் அதிகமாகும், பயம் அதிகமானால்தான் கடிக்கும்.

ஊசி போடச் சொன்ன ஆளிடம் நேராகச் சொல்லுங்கள், காது கேட்காதது ஒரு வலி இல்லை. அது சாப்பிடுகிறது, வால் ஆட்டுகிறது, வெயிலில் காய்கிறது. அப்படி இருக்கிற ஜீவனுக்கு எதற்கு ஊசி? கோபமாக வருகிறது எனக்கு.

திடுக்கிடுவதுதான் உங்கள் பிரச்சினை, அதைக் குறைக்க ஒரு வழி இருக்கிறது. தொட்டால் தின்ன ஏதோ வரும் என்று அதன் உடம்புக்கே பழக்கிவிட வேண்டும். அது முழித்திருக்கும்போது, உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, தோள்பட்டையில் இரண்டு விரலால் லேசாகத் தொடுங்கள், உடனே வாயில் ஒரு துண்டு கொடுங்கள். தினமும் கொஞ்ச நேரம் போதும். தொட்டதும் திரும்பி உங்கள் கையைத் தேட ஆரம்பிக்கும். அப்புறம் அது வேறு பக்கம் பார்க்கும்போது செய்யுங்கள், அப்புறம் கண் சொக்கும்போது, கடைசியாகத்தான் தூங்கும்போது. எப்போதும் அதே இடத்தில் தொட வேண்டும், ஒரு நாள் வால், ஒரு நாள் கால் என்று மாற்றக்கூடாது. வீட்டில் எல்லோரும் அப்படியே செய்ய வேண்டும், முக்கியமாக உங்கள் அத்தை.

தூங்கும்போது எழுப்ப வேண்டும் என்றால் தொடுவதற்கு முன்பு கையை மூக்குக்கு முன்னால் சும்மா வைத்திருங்கள். ஒரு நெத்திலிக் கருவாடு கையில் இருந்தால் இன்னும் நல்லது, மூக்கு முதலில் முழித்துக்கொள்ளும். தரையைக் காலால் தட்டலாம் என்று சொல்வார்கள், சிமெண்டுத் தரையில் அது அவ்வளவாகப் போகாது. மரக் கட்டிலில் படுத்திருந்தால் கட்டில் காலைத் தட்டுங்கள், நன்றாகத் தெரியும்.

ஆனால் பிள்ளைக்கு இந்த வேலையைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். 5 வயதுப் பிள்ளைக்கு ஒரே சட்டம்தான், படுத்திருக்கிற பிளாக்கியைத் தொடக்கூடாது. கட்டில் அடியில் அதற்கு ஒரு கோணி விரித்து, அந்தப் பக்கம் பிள்ளை போகாத மாதிரி ஒரு ஸ்டூலைக் குறுக்கே போடுங்கள், பெரியவர்கள் யாரும் பார்க்காமல் இரண்டையும் தனியாக விடாதீர்கள். பிளாக்கி எழுந்து தானாக வந்தால் கொஞ்சட்டும். கை சைகை சொல்லிக் கொடுக்கிற வேலையை வேண்டுமானால் பிள்ளையிடம் கொடுங்கள், அதில் பிள்ளைகள் கெட்டி. கையை அகலமாக நெஞ்சுப் பக்கம் இழுத்தால் வா, உள்ளங்கையைக் காட்டினால் நில், கட்டை விரலைத் தூக்கினால் சபாஷ். இடது காது கொஞ்சம் கேட்கும்போதே சொல்லையும் சைகையையும் சேர்த்துச் சொல்லிக் கொடுத்துவிடுங்கள், பிறகு சொல் போனாலும் சைகை நிற்கும். வயசான கண் என்பதால் கையைப் பெரிசாக ஆட்டுங்கள், விரல் அசைவெல்லாம் தெரியாது. கரண்ட் போனால் சைகை தெரியாது, டார்ச்சைத் தரையில் இரண்டு தடவை மினுக்கினால் வர வேண்டும் என்று அதையும் பழக்குங்கள், கண்ணில் அடிக்க வேண்டாம்.

தெருவில் தனியாக விடவே கூடாது. வண்டி மட்டும் இல்லை, மற்ற நாய்களும்தான். இன்னொரு நாய் உறுமி எச்சரிக்கும், இது கேட்காமல் நேராகப் போகும், மரியாதை தெரியாதவன் என்று நினைத்து அவை மேலே விழும். வயசான காலத்தில் அந்தக் கடியைத் தாங்காது. கழுத்துப் பட்டையை உருவிக்கொண்டு ஓடினால் நீங்கள் கத்திப் பிரயோஜனம் இல்லை, அதனால் மார்பில் மாட்டுகிற ஹார்னஸ் வாங்குங்கள். பட்டையில் உங்கள் போன் நம்பரோடு, காது கேட்காது என்றும் எழுதித் தொங்கவிடுங்கள். நாங்கள் விடியற்காலை ஏலம் முடிந்து கூட்டம் கலைவதற்கு முன்பே கடற்கரைப் பக்கம் நடக்கவிட்டு வந்துவிடுவோம், மண்ணில் அவனுக்கு மோப்பம் பிடிக்க ஆயிரம் விஷயம். நடக்கிற தூரம் குறைந்தாலும் மோப்பம் பிடிக்க விடுங்கள், கேட்காத நாய்க்கு அதுதான் பேப்பர் படிப்பது.

ராயபுரம் பூனைவீடு:

நடுவில் வருகிறேன், மன்னிக்கவும், என்னுடையது நாய் இல்லை, பூனை. வயசு 16. காது போனதிலிருந்து ராத்திரி பயங்கரமாகக் கத்துகிறது, தன் சத்தம் தனக்கே கேட்காததால் அவ்வளவு உரக்கக் கத்துகிறது என்று நினைக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வருகிறார்கள். நான் இருக்கிற இடம் தெரிந்தால் அடங்கிவிடுகிறது, அதனால் ஒரு சின்ன பல்ப் எரியவிட்டு, நான் உடுத்திய புடவையை அதன் பெட்டியில் போட்டு வைக்கிறேன். மாடிவீடு, உங்கள் பிளாக்கி ராத்திரி எப்படி? கத்துகிறதா?

தண்டையார்பேட்டை மாடிவீடு:

அக்கா, கத்துவதில்லை, ஆனால் சில ராத்திரி எழுந்து நடக்கிறது. ஹாலில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும். ஒரு தடவை பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் போய் நின்றுகொண்டு பின்னால் வரத் தெரியாமல் நின்றது. காதினால்தானா?

மாதவரம் பழைய கம்பவுண்டர்:

கால்நடை ஆஸ்பத்திரிகளில் உதவியாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இரண்டு பேருக்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

பீரோ சந்தில் மாட்டிக்கொண்டு நிற்பது காதுப் பிரச்சினை மட்டும் இல்லை அம்மா. வயதான நாய்களுக்கு மூளையும் தளரும். ராத்திரி நடப்பது, சுவரைப் பார்த்து நிற்பது, மூலையில் மாட்டிக்கொள்வது, கதவு திறக்கிற பக்கம் விட்டுக் கீல் பக்கம் போய் நிற்பது, வீட்டுக்குள்ளேயே சிறுநீர் கழிப்பது, இதெல்லாம் அதன் அடையாளம். மூட்டு வலி இருந்தாலும் ராத்திரி படுக்க முடியாமல் நடக்கும். அடுத்த தடவை போகும்போது இதைக் கட்டாயம் சொல்லுங்கள், முடிந்தால் நடப்பதை போனில் வீடியோ எடுத்துக் காட்டுங்கள், வாயால் சொல்வதைவிட டாக்டருக்கு அது உதவும். அதை மட்டுப்படுத்த மருந்து இருக்கிறது. பீரோ, சோபா இடம் மாற்றாதீர்கள், அந்தச் சந்தை அட்டை வைத்து மூடுங்கள், தண்ணீர்க் கிண்ணம் எப்போதும் ஒரே இடத்தில் இருக்கட்டும்.

ராயபுரம் அம்மா, பூனை ராத்திரி கத்துவதைக் காது என்று விட்டுவிடாதீர்கள். 16 வயதில் தைராய்டு அதிகமானாலும் ரத்தக் கொதிப்பு ஏறினாலும் அப்படித்தான் கத்தும். நன்றாகச் சாப்பிட்டும் உடம்பு இளைக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் பரிசோதனையில் தெரியும், மருந்தும் உண்டு.

வலைக்காரர் சொன்னது எல்லாம் சரி, கருவாடு மட்டும் வேண்டாம். கிட்னி கவனிக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், கருவாட்டில் உப்பு அதிகம். உப்புப் போடாமல் வேகவைத்த கோழியில் சுண்டுவிரல் நகம் அளவு பிய்த்துக் கொடுங்கள், எவ்வளவு கொடுக்கலாம் என்று டாக்டரையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் பிள்ளை விஷயம். இந்த முறை பல் படவில்லை, சரி. எப்போதாவது பட்டால், சின்னக் கீறலாக இருந்தாலும், வீட்டு நாய்தானே என்று விடாதீர்கள். குழாயடியில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு நேராக ஸ்டான்லிக்குப் போங்கள், அரசு ஆஸ்பத்திரிகளில் ரேபிஸ் தடுப்பூசி இலவசம். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்கக் கூடாது. பிளாக்கிக்கு வருடாந்திர ரேபிஸ் ஊசி தவறக் கூடாது, வயதாகிவிட்டது என்று நிறைய பேர் நிறுத்திவிடுகிறார்கள். மாநகராட்சி உரிமத்துக்கும் அந்த ஊசிச் சான்றிதழ் வேண்டும்.

காசிமேடு வலைக்காரன்:

கம்பவுண்டர் ஐயா சொன்னால் சரிதான், கிட்னி விஷயம் நான் சரியாகக் கவனிக்கவில்லை. கருவாட்டை விட்டுவிடும்மா, கோழியே கொடு.

தண்டையார்பேட்டை மாடிவீடு:

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. தோளில் தொட்டுக் கோழி கொடுப்பதை ஆரம்பித்துவிட்டோம், முழித்திருக்கும்போது தொட்டால் இப்போது திரும்பி வாயைத் திறக்கிறது. பிள்ளை நெஞ்சில் கை வைத்து வா சொன்னால் பாதி நேரம் வருகிறது. அத்தை இன்னும் தள்ளித்தான் உட்காருகிறார், ஆனால் மாடியில் கட்டும் பேச்சு நின்றிருக்கிறது. பீரோ சந்தை மாமா பலகை வைத்து அடைத்துவிட்டார்.

கடைசியாக ஒன்று. தீபாவளிக்கு வெடிச் சத்தம் கேட்டு நடுங்கிக் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொள்ளும். இனி கேட்காது என்றால் அன்றைக்கு வெளியே அழைத்துப் போகலாமா?

பெரம்பூர் லோகோ:

வேண்டாம் சிஸ்டர். மெல்லிய சத்தம்தான் போயிருக்கிறது, இடது காதில் இன்னும் கேட்கிறது என்கிறீர்கள், வெடி கட்டாயம் கேட்கும். சுத்தமாகக் கேட்காத நாய்க்கும் அணுகுண்டு வெடிக்கிற அதிர்ச்சி தரையிலும் நெஞ்சிலும் தெரியும், புகை நாற்றம் தெரியும், பக்கத்தில் திடீரென்று வெளிச்சம் அடித்தால் இன்னும் மிரளும். எங்கிருந்து வருகிறது என்று புரியாமல் பாதையைப் பார்க்காமல் ஓடும். அன்றைக்கு விடியும் முன்பே கீழே கூட்டிப்போய் வந்துவிட்டு, ஜன்னல் கதவைச் சாத்தி, நீங்கள் யாராவது ஒருவர் அதன் கண்ணில் படுகிற மாதிரி கூடவே உட்காருங்கள். முந்தைய வருடங்களில் ரொம்ப நடுங்கியிருந்தால் இப்போதே டாக்டரிடம் சொல்லி வையுங்கள், அன்றைக்கு மட்டும் கொடுக்க மாத்திரை தருவார்கள், கிட்னியைப் பார்த்து அளவு சொல்ல வேண்டும் என்பதால் கடைசி நிமிடத்தில் கேட்காதீர்கள். போகி மேளத்துக்கும் இதேதான்.